மாற்றம்: இல்லை

"புது வெர்ஷன உள்ள போட்டுட்டேன் மேடம்"னு இருதயராஜ் சொன்னப்ப நான் டிபன் பாக்ஸ் மூடியத் திருகிட்டு இருந்தேன். மரை பிடிக்கல. கழட்டித் திரும்பத் திருகினேன், மறுபடியும் கோணலா உக்காந்துச்சு, சரி கருமம்னு அப்படியே பைக்குள்ள தள்ளிட்டேன். எந்த வெர்ஷன், எதுக்குள்ளன்னு நான் கேக்கவே இல்லை. கேக்காமயே தெரிஞ்சுருச்சு. அவரே சொன்னாரு, "அந்த நம்பர் படிக்க லைப்ரரிதான் மேடம். நாலு வருசமா பழசையே வெச்சிக்கிட்டு இருக்கோம்னு ஆடிட்ல கேட்டாவல்லா. அதான் பழசத் தூக்கிட்டுப் புதுச அப்படியே இறக்கிட்டேன். பில்டு ஓடிக்கிட்டு இருக்கு, டெஸ்டும் அதுலயே ஆயிரும். மூணு மணிக்குத் தாமோதரன் சார் கையெழுத்துப் போட்டா முடிஞ்சு." முடிஞ்சுங்கறாரு. ரெண்டு வருசமா பக்கத்து சீட்டு, தூத்துக்குடிக்காரரு, ஒரு கமாவக்கூட ரெண்டு தடவை பாக்கற மனுசன், சிரிச்ச மொகமா முடிஞ்சுங்கறாரு. நானும் "ஓ, சரிங்க இருதயராஜ்"னேன். சரிங்கன்னு எப்படிடி சொன்ன பூங்கொடி? நாக்குல நரம்பு இருக்குதா உனக்கு? மணி ரெண்டு பத்து. இன்னும் அம்பது நிமிசம். அவரு தூக்கிப் போட்ட பழசுக்குள்ள என்னோட வரி ஒண்ணு இருந்துச்சு. அது அவருக்குத் தெரியாது, எங்க மேனேஜர் தாமோதரன் சாருக்குத் தெரியாது, இந்த ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது. அந்த ஒரு வரி இல்லாட்டி மெஷின்ல புள்ளி விழுந்துரும்.

புள்ளின்னா வெறும் புள்ளிதான், ரெண்டரைன்னு அடிக்கறப்ப ரெண்டுக்கும் அஞ்சுக்கும் நடுவுல வெப்பமே அந்தப் புள்ளி. எங்க மெஷின் ஆஸ்பத்திரியில ஐசியூவுல நிக்கறது. ஊசிக்குழாய்ல மருந்த ரொப்பி மாட்டிட்டு, மணிக்கு இத்தன மில்லின்னு நர்சு திரையில அடிச்சா, அது மெதுவா, நெம்ப மெதுவா, ஒடம்புக்குள்ள தள்ளிக்கிட்டே இருக்கும். திரையில அடிச்ச நம்பரு ஒயர் வழியா மோட்டாருக்குப் போய்ச் சேரோணும். போறப்ப முழுசாப் போகாது, துண்டு துண்டாப் போகும். அந்தத் துண்டுகள ஒட்டிப் படிக்கறதுக்கு நாம எதுக்கு ஒக்காந்து எழுதிக்கிட்டுன்னு, வெளிநாட்டுல யாரோ ஒருத்தரு எழுதி ஊருக்கே பொதுவா விட்ட லைப்ரரிய எடுத்துப் போட்டேன். நான்தான் எடுத்துப் போட்டேன். அதுல ஒரு ஓட்டை. துண்டு கரெக்டா புள்ளிகிட்ட ஒடஞ்சா, அது புள்ளிய விட்டுட்டு மிச்சத்த ஒட்டிரும். ரெண்டரை இருபத்தஞ்சு ஆயிரும். ஒரு மணி நேரத்துக்கு ரெண்டரை மில்லி போகவேண்டிய எடத்துல இருபத்தஞ்சு. பத்து மடங்கு. எப்பவும் ஆகாது, ஆயிரத்துல ஒருக்காகூட ஆகாது, லட்சத்துல ஒருக்கா ஆகும். அதனாலதான் இப்ப ஓடற நாப்பது நிமிச டெஸ்டுல அது மாட்டவே மாட்டாது, பச்ச லைட்டு எரியும், மூணு மணிக்குக் கையெழுத்து விழும், நாளைக்குக் காலையில நூத்திச்சொச்சம் மெஷின்ல ஏறும். ஒவ்வொண்ணும் ராப்பகலா நம்பர் படிச்சுக்கிட்டே இருக்கும். லட்சம்ங்கறது எத்தன நாளைக்கு? கணக்குப் போட்டுப் பாக்கலாம்னு ஆரம்பிச்சேன், பாதியில விட்டுட்டேன், விடை தெரிஞ்சு என்ன பண்றது.

பழசுல நான் அடைச்சிருந்தேன். ஒரே வரி. புள்ளி வந்து சேர்ற வரைக்கும் பொறுன்னு சொல்ற வரி. பொறு, அவ்வளவுதான். அத முறையா வெச்சிருந்தா இன்னிக்கு இந்த ரோதனை இல்லை. வெளிய இருந்து எடுத்த லைப்ரரியெல்லாம் எங்க ரெப்போல ஒரு ஃபோல்டர்ல கெடக்கும், டீம்ல அதுக்கு வெளியூர்ச் சரக்குன்னு பேரு. ரெப்போங்கறது நாங்க முப்பத்தெட்டு பேரு எழுதறதும் வந்து சேர்ற பொது எடம், யாரு என்னிக்கு எந்த எழுத்த மாத்துனாங்கன்னு ஒண்ணு விடாம நிக்கும், ஒவ்வொரு தடவை உள்ள போடறதும் ஒரு கமிட்டு, அப்பறம் வந்து அழிக்க முடியாது. வெளியூர்ச் சரக்குக்கு மட்டும் தாமோதரன் சார் ஒரு சட்டம் போட்டு பிரிண்டருக்கு மேல ஒட்டி வெச்சிருக்காரு. முதல்ல சரக்கை வந்தபடியே வை, அடுத்த கமிட்ல உன் கையை வை. ரெண்டு தடவையாப் போடு, ஒண்ணாப் போடாத. அப்பத்தான் நாளைக்குப் புதுச் சரக்கு வந்தா, பழசுல நம்ம கை எங்க பட்டுச்சுன்னு தனியாத் தெரியும், அதை எடுத்து இதுலயும் வெக்கலாம். அவ்வளவு சுளுவான சட்டம். புதுசா சேர்றவங்களுக்கு நான்தான் பாடம் எடுக்கறேன், பிரிண்டர்கிட்டயே நிக்க வெச்சு. அந்த நானு கை வெச்ச சரக்கக் கொண்டுபோய் ஒரே கமிட்டாப் போட்டு, "வந்தபடியே சேர்க்கப்பட்டது"ன்னு எழுதினேன். கூட ஒரு ஃபார்ம் இருக்கும், பேரு, வெர்ஷன், எங்கிருந்து எடுத்தது, லைசென்ஸ், கடைசியில மாற்றம்: உண்டு, இல்லை. இல்லைன்னு போட்டேன். கீழ என் பேரு. எதுக்கு? ரெண்டு கமிட்டாப் போட்டா ரெண்டாவது கமிட்டுல ஏன் கை வெச்சேன்னு எழுதோணும். ஏன்னு எழுதினா எப்படித் தெரிஞ்சுதுன்னு எழுதோணும். எப்படித் தெரிஞ்சுது பூங்கொடி? வேண்டாம். அங்க போகவேண்டாம். இப்ப புள்ளியப் பாரு.

புதுசுலயே சரி பண்ணிருப்பாங்களோ? ஐயோ, அதை ஏன் மொதல்லயே யோசிக்கல. நாலு வருசம். அந்த வெளிநாட்டு மனுசன் நாலு வருசத்துல இதைக்கூடவா பாத்திருக்க மாட்டாரு, எத்தன ஊருல எத்தன பேரு எடுத்துப் போட்டிருப்பாங்க, ஒருத்தருக்காவது புள்ளி விழுந்திருக்காதா, ஒருத்தராவது சொல்லியிருக்க மாட்டாங்களா. கை வேர்த்து மவுஸ் வழுக்குது. ஏசிக்கு அடியில ஒக்காந்து வேர்க்கறது எனக்கு மட்டுந்தான். துப்பட்டாவுல தொடச்சுட்டு ஃபைலத் திறந்தேன். எறக்கி எறக்கிப் போனேன். எல்லாம் அழகா மாத்தியிருக்காரு, பேரு மாத்தியிருக்காரு, வரிசை மாத்தியிருக்காரு, கமெண்ட்டு நீளமா எழுதியிருக்காரு. சாமி, இருந்துரோணும், இருந்துரோணும், இருந்துச்சுன்னா இந்தச் சனிக்கிழமையே மருதமலைக்குப் படியேறி வரேன். அந்த எடம் வந்துச்சு. அதே எடம். அதே வரி. ஒரு எழுத்து மாறல, நாலு வருசத்துக்கு முன்னாடி எப்படி வாயப் பொளந்துகிட்டு நின்னுச்சோ அப்படியே நிக்குது. யாரும் சொல்லல. நான் சொன்னேனா? ஒரு மெயில் தட்டியிருந்தா அவரு ஒரு நிமிசத்துல சரி பண்ணியிருப்பாரு, ஊருல இருக்கற மெஷினுக்கெல்லாம் போயிருக்கும். தட்டல. அவருகிட்டச் சொன்னா அவரோட வெப் பக்கத்துல பொதுவுல நிக்கும், என் பேரோட நிக்கும், தாமோதரன் சாருக்கு அந்தப் பக்கத்தை மேயற பழக்கம் உண்டு. எங்க மெஷின்ல அடைச்சாச்சு, போதும்னு இருந்துட்டேன். அடுத்தவன் மெஷின் எப்படியோ போகட்டும்னு இருந்துட்டேன். இதை இப்பத்தான் மொதல் தடவையா நெனைக்கறேன்னு சொன்னா அதுவும் பொய்.

ரெண்டு இருபத்தி ரெண்டு. இருதயராஜ் ஏதோ முணுமுணுன்னு பாடிக்கிட்டே கீபோர்டத் தட்டறாரு. அவரு ஸ்கிரீன்ல பில்டுக் கோடு கால்வாசி வந்துருச்சு. அந்த மெஷின ஓடறப்ப ஒருதடவை பாத்திருக்கேன், ஆபீஸ்ல இல்லை, நெசமான ஆளு மேல. போன வருசத்துக்கு முந்துன வருசம் அப்பாவ அவினாசி ரோட்டுல ஒரு ஆஸ்பத்திரியில சேத்திருந்தோம். கண்ணாடிக் கதவுக்குள்ள போறேன், தலைமாட்டுல எங்க மெஷின். எனக்கு மொதல்ல வந்தது பயம் இல்லை, பெருமை. ஏ அப்பா நம்மளுதுன்னு. திரையில மூணு புள்ளி ரெண்டு. மூணு, புள்ளி, ரெண்டு. அப்பறம் கண்ண எடுக்க முடியல. நாலு மணி நேரம் அந்தப் புள்ளியையே பாத்துக்கிட்டு நின்னேன், நான் கண்ணு மூடினா அது விழுந்துருமாட்ட. திரையில இருக்கற புள்ளி விழுகாது, விழுகறதுன்னா உள்ளாரதான் விழுகும், மோட்டார் பக்கத்துல, அது கண்ணுக்கே தெரியாது, எனக்குத் தெரியாததா? இருந்தாலும் பாத்தேன். நர்சு ஒண்ணு வந்து, "ஏனுங்கக்கா, உங்கப்பா மொகத்தப் பாருங்க, மெஷினையே பாத்துக்கிட்டு நிக்கறீங்க"ன்னு சிரிச்சுது. அப்பா பொழச்சு வந்துட்டாரு, இன்னிக்கும் காபியில சக்கர பத்தலைன்னு அம்மாகூட மல்லுக்கு நிக்கறாரு. அன்னிக்கு அந்தக் கட்டில்கிட்ட நின்னு நான் என்ன நெனச்சேன் தெரியுமா? இந்தப் புள்ளியப் பிடிச்சு வெச்சிருக்கறது நான்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன். என்னமோ நானே கண்டுபிடிச்சாப்ல. திமிரு. பிடிச்சு வெச்சவ நானா? மொதல்ல பாத்தது யாரு? பாரு, சுத்திச் சுத்தி அங்கயேதான் வருது, எந்தப் பக்கம் ஓடினாலும் அங்கயேதான் கொண்டுவந்து விடுது.

கோகிலவாணி. சரி, சொல்லிட்டேன். கோகிலவாணி. இருபத்திமூணு வயசு, கிணத்துக்கடவுல இருந்து ரெண்டு பஸ் மாறி வரும், நாலு வருசத்துக்கு முன்னாடி இங்க காண்ட்ராக்ட்ல டெஸ்டர். மூலையில இருந்த மேசையில எட்டு மெஷின வரிசையா ஓட விட்டுட்டு, கம்ப்யூட்டர்ல ஏத்தறது போதாதுன்னு ஒரு நீட்டு நோட்டுல பேனாவுல எழுதிக்கிட்டே இருக்கும். நாங்க கிண்டல் பண்ணுவோம், ஏன் கண்ணு, கிராம நிர்வாக அலுவலராட்டம் எழுதறியேன்னு. அப்ப அந்த லைப்ரரி ரெப்போக்குள்ளயே வரல, என் மெஷின்லயும் டெஸ்டு மேசையிலயும் மட்டுந்தான் இருந்துச்சு. ஒரு புதன்கிழமை வந்து நின்னா. "மேடம், புள்ளி விழுந்துருச்சுங்க." என்ன புள்ளின்னேன். "அஞ்சாம் நம்பர் மெஷினுங்க. ரெண்டரை அடிச்சு வெச்சதுங்க. மோட்டாருப் பக்கம் இருபத்தஞ்சுன்னு வாங்கிருச்சுங்க. ஒரே ஒருக்காத்தானுங்க, ஆனா நான் கண்ணால பாத்தனுங்க." போன்ல ஒரு போட்டோ, கையாட்டத்துல கலங்கிப் போயிருந்துச்சு. அதுக்கு முந்துன வாரந்தான் மீட்டிங்ல தாமோதரன் சார், நம்மளே எழுதிக்கலாமே பூங்கொடி, வெளியூர்ச் சரக்கு எதுக்குன்னு கேட்டிருந்தாரு, நான் எல்லாத்துக்கும் முன்னாடி, "நான் கேரண்டி சார்"னு மாரத் தட்டியிருந்தேன். ஒரு வாரங்கூட ஆகல. கேபிள் லூசா இருக்கும்னேன். "கேபிள் மாத்திப் பாத்தனுங்க மேடம், அப்பவும் ஒருக்கா வந்துச்சுங்க." நான் அதைக் காதுல வாங்குனேனா இல்லையா? வாங்குனேன். நல்லா வாங்குனேன். "ஒருக்கா வந்ததுக்கெல்லாம் டிஃபெக்ட் எழுதினா வேலை ஓடுமா கண்ணு"ன்னு சொல்லி, அவ எழுதி வெச்சதை நானே மூடினேன். காரணம்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல டெஸ்டர் தவறுன்னு போட்டேன். ரெண்டே வார்த்தை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஆளில்லாத ஆபீசுக்கு வந்து நானே ஓட விட்டேன். நம்பாமயா வந்தேன், நம்பித்தான் வந்தேன். மூணு மணி நேரத்துல விழுந்துச்சு. அவ சொன்ன அதே மாதிரி. அப்பவாவது திங்கக்கிழமை போய், கண்ணு நீ சொன்னது நெசம், நான்தான் அவசரப்பட்டுட்டேன்னு சொல்லியிருக்கலாம், ஒரு நாள் மொகம் செத்துப் போயிருக்கும், அவ்வளவுதான, ஒரு நாள். அடைச்சேன். கம்முனு அடைச்சேன். அடைச்சத வந்தபடியேன்னு ரெப்போல போட்டேன். திங்கக்கிழமை தாமோதரன் சார் கேட்டாரு, "அந்தப் பொண்ணு என்னமோ புள்ளின்னுச்சே, என்னாச்சு?" எவ்வளவு நல்ல சந்தர்ப்பம், தட்டுல வெச்சு நீட்டினாப்ல. "ஒண்ணுமில்லைங்க சார், அது ஒரு அவசரக்குடுக்கை"ன்னேன். அவசரக்குடுக்கை யாருடி? காண்ட்ராக்ட் ஆளுங்களுக்கு டெஸ்டர் தவறுன்னு ரெண்டு விழுந்தா மறுபடி நீட்டிக்க மாட்டாங்க. அவளுக்கு ஏற்கெனவே ஒண்ணு இருந்துச்சு. அது எனக்குத் தெரியாதுன்னு இத்தன வருசமா எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருக்கேன். தெரியும். கடைசி நாளு நோட்ட மாரோட அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு வந்து நின்னா. "போயிட்டு வரனுங்க மேடம்." அப்பறம் ஒரு வினாடி நின்னு, "ஆனா நான் பாத்தது நெசமுங்க"ன்னா. கோவமே இல்லை அந்தக் கொரல்ல. கோவம் இருந்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன். நான் ஸ்கிரீனப் பாத்துக்கிட்டே, "ஆல் த பெஸ்ட்மா"ன்னேன். ஸ்கிரீன்ல ஒண்ணுமில்லை. மெயில் பொட்டி திறந்து கெடந்துச்சு, அதுல ஒரு புது மெயிலும் இல்லை.

ரெண்டு முப்பத்தி மூணு. வழி ஒண்ணு இருக்கு. இருக்கத்தான் இருக்கு. அப்ப பண்ணுனதையே இப்பவும் பண்ணு. அந்த வரிய எடுத்துப் புதுசுல சொருகு, வரி ஒதுக்கம் சரி பண்ணேன்னு, வெறும் எடவெளி வேலையாட்டம் ஒரு கமிட்டப் போடு, வெளியூர்ச் சரக்கு ஃபோல்டர எவன் எட்டிப் பாக்கறான், பில்டு தன்னால திரும்ப ஓடும், கால் மணி நேரம் தாமதமாகும், சார் ஒரு டீ குடிச்சுட்டு வந்து கையெழுத்துப் போடுவாரு. புள்ளி விழுகாது. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாது. யாருக்கு நஷ்டம்? யாருக்கும் இல்லை. அவளுக்கு... அவ போய் நாலு வருசமாச்சு, எங்கயோ நல்லா இருப்பா, கல்யாணங்கூட ஆயிருக்கும். இப்ப எடுத்துச் சொன்னா தாமோதரன் சார் மொகத்த எப்படிப் பாக்கறது, நாளைக்கு கேன்டீன்ல நான் போறப்ப பேச்சு நின்னு போகும், ஆடிட்காரங்க என் பேரு இருக்கற ஒவ்வொரு ஃபார்மையும் பிரிச்சு மேய்வாங்க, பதினாறு வருசம் இந்த ஒரு வரியில போயிரும். வீட்டுல அவருகிட்ட என்னன்னு சொல்றது? நாலு வருசமா அவருக்குமே சொல்லலியே. வேலையா, பேரா, எது போனாலும் போகட்டும்னு ஒரு நிமிசம் தோணுது, அடுத்த நிமிசம் கை தன்னால அந்த வரிய காப்பி எடுக்குது. சொருகினேன். வரி உள்ள போயிருச்சு. ரெண்டு கண்ணு எரியுது. மெசேஜ்ல "வரி ஒதுக்கம் சரி செய்யப்பட்டது"ன்னு அடிச்சுட்டேன். ஒரே அழுத்து. ஆள்காட்டி வெரல் மேல நிக்குது, இறங்க மாட்டேங்குது. இறங்கு. நல்லதுக்குத்தான. இறங்கு. அடுத்த வெர்ஷன் வரப்ப? அப்பவும் நான் பக்கத்து சீட்டுல இருக்கோணும், அப்பவும் எவனாவது உள்ள போட்டுட்டேன்னு சொல்றது காதுல விழுகோணும். நான் லீவுல இருந்தா? நான் செத்துட்டா? இந்தப் புள்ளி என் ஒருத்தி ஞாபகத்துல தொங்கிக்கிட்டு இருக்குது, ஐயோ, இத்தன ஆளோட உசுரு என் ஞாபகத்துல தொங்குது.

அப்பத்தான் இருதயராஜ் நாற்காலிய இந்தப் பக்கம் திருப்பினாரு. "மேடம், ஃபார்முல மாத்தம் இல்லன்னே போட்டுருதேன், என்ன? பழைய ஃபார்முல நீங்க அப்படித்தான் போட்டிருக்கிய. அதையே காப்பி அடிச்சுட்டேன். கீழ எம்பேர மட்டும் மாத்திக்கிடுதேன்." சிரிச்சாரு. "நீங்க போட்டதுன்னா நாம எதுக்கு மறுபடி பாக்கணும்?" அவரு ஸ்கிரீன்ல ஃபார்ம் திறந்து இருக்குது. மாற்றம்: இல்லை. கீழ இருதயராஜ்னு பாதி அடிச்சிருக்காரு, இருதய வரைக்கும். ஒரு கமாவ ரெண்டு தடவை பாக்கற மனுசன் இதைப் பாக்கல, எதுக்குன்னா நான் போட்டதாம். நான் வெரல இறக்கினா உள்ள மாத்தம் இருக்கும், வெளிய இல்லைன்னு இருக்கும், கீழ அவரு பேரு இருக்கும். என்னிக்காவது எவனாவது தோண்டினா மாட்டறது இவரு. அன்னிக்கும் நான் பக்கத்து சீட்டுல ஒக்காந்துக்கிட்டு, ஆமாங்க சார், அது ஒரு அவசரக்குடுக்கைன்னு சொல்லுவேனா? சொல்லுவேன். அதுதான் பயமா இருக்குது. ஒருக்கா சொன்ன வாயி மறுக்காவும் சொல்லும், இந்த வாய எனக்கு நல்லாத் தெரியும்.

"வேண்டாங்க"ன்னேன். என் கொரலு எனக்கே கேக்கல. "என்ன மேடம்?" "இல்லைன்னு போட வேண்டாங்க இருதயராஜ். பில்ட நிறுத்துங்க." மணியப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. "மூணு மணிக்கு ரிலீசுல்லா?" "நிறுத்துங்க. சொல்றேன். மொதல்ல நிறுத்துங்க." என் மொகம் எப்படி இருந்துச்சோ, மறுபேச்சில்லாம நிறுத்திட்டாரு. கோடு பாதியில செவப்பா நின்னுச்சு. நான் வரி ஒதுக்கத்த அழிச்சேன், எழுத்தெழுத்தா. காலியா நின்ன கட்டத்துல திரும்ப எழுத ஆரம்பிச்சேன். எங்க ரெப்போல எல்லாம் இங்கிலீசுலதான், நானும் இங்கிலீசுலதான் அடிச்சேன், உள்ள ஓடினது தமிழ்ல. இந்த லைப்ரரியில துண்டு புள்ளிகிட்ட ஒடஞ்சா புள்ளி விழுகும். பழைய வெர்ஷன்லயும் இந்தத் திருத்தம் இருந்தது, வந்தபடியே என்று எழுதியது பொய். அடுத்த வரிதான் வரல. ஒரு டெஸ்டர் கண்டுபிடித்தார்னு அடிச்சேன். ஒரு டெஸ்டர்னா யாரு, பேரில்லாம பொறந்தவளா? அழிச்சேன். அவர் எழுதிய டிஃபெக்ட் தவறாக மூடப்பட்டதுன்னு அடிச்சேன். யாரு மூடுனாங்க, அது தானா மூடிக்கிச்சா? அதையும் அழிச்சேன். மூக்கு ஒழுகுது, தொடைக்கக்கூடத் தோணல. இதைக் கண்டுபிடித்தவர் கோகிலவாணி. டெஸ்டர் தவறு என்று எழுதி மூடியவள் நான். தவறு அவருடையது அல்ல. கடைசியில பூங்கொடின்னு தனியா அடிக்கத் தேவையில்லை, ரெப்போ தானே போட்டுக்கும், இருந்தாலும் அடிச்சேன். வெரல் இறங்குச்சு.

யாரு கமிட் பண்ணாலும் முப்பத்தெட்டு பேரு ஸ்கிரீன்லயும் மூலையில அதைப் பத்தி ஒரு துண்டுச் செய்தி எட்டிப் பாக்கும். எட்டிப் பாத்துச்சு. யாரும் திரும்பல, அவங்கவங்க வேலையில இருக்காங்க, யாரோ எதுக்கோ சிரிச்சாங்க, தாமோதரன் சார் ரூம்ல போன் அடிச்சுது. இருதயராஜ் மட்டும் அதைத் திறந்து, ஒதடு அசைய, மெதுவாப் படிச்சாரு. மேல இருந்து கீழ ஒரு தடவை, மறுபடி மேல இருந்து ஒரு தடவை. அப்பறம் திரும்பினாரு. திட்டுவாருன்னு நெனச்சேன், இல்ல பதறுவாருன்னு நெனச்சேன். அவரு மொகத்துல ரெண்டும் இல்லை. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி சேந்தவருக்கு அவள எப்படித் தெரியும்.

"யாரு மேடம் இது, கோகிலவாணி?"

"நம்ம டெஸ்டருங்க. நெசத்தச் சொல்லுச்சு. நான் பொய்யின்னு எழுதி வெளிய அனுப்பிட்டேன்."

அவரு ஃபார்முல பாதி அடிச்சிருந்த தன் பேர அழிச்சாரு. சுத்தியும் கீபோர்டு சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

"இப்ப எங்க இருக்காவ?"

"தெரியாதுங்க"ன்னேன். "நாலு வருசமா நான் யாருகிட்டயும் கேக்கவே இல்லைங்க."